அண்ணனின் பெருவிரலும் தரையடி எலிகளும்

நர்சம்மா தன் அண்ணனின் வலது பாதத்தை மடியில் வைத்து, உப்புநீரில் நனைத்த பஞ்சால், கறுத்துப்போன பெருவிரல் நுனியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் போட்ட கட்டு கந்தலாகக் கிடந்தது. புண்ணின் ஓரத்தில் புதிதாகப் பல் தடம்.

"கடிச்சது ஒண்ணுமே தெரியலையா அண்ணே?"

"தெரிஞ்சா உதைச்சிருக்க மாட்டேனா பாப்பா?"

உதைக்கிற கால் இல்லை அது. உணர்ச்சியைச் சர்க்கரை நோய் கொண்டுபோயிற்று, அசைவைப் பக்கவாதம் கொண்டுபோயிற்று. புண் இன்னும் மேலே ஏறினால் பாதத்தை எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

நர்சம்மா என்பது தெரு வைத்த பெயர். ஆஸ்பத்திரியில் அவள் பார்த்தது ஆயா வேலை. மலம், சீழ் எதற்கும் முகம் சுளிக்காதவள்; எலி என்றால் மட்டும் குலை நடுங்கும். வீடு குட்டைத் தூண்களின் மேல் நின்றது. அண்ணன் தச்சு வேலை பார்த்த காலத்தில் தன் கையாலேயே பலகை அடித்த தரை. அதற்கடியில் கீச்சுக் கீச்சென்ற சத்தம் எப்போதோ தொடங்கிவிட்டது. இன்றைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று அவள் தள்ளிப்போட்டது அண்ணனின் விரலில் வந்து நின்றது.

விஷம் வைக்க மனம் வரவில்லை. கட்டிலுக்கு நேர் கீழே செத்து நாறினால் அண்ணனை மாற்றிப் படுக்கவைக்க வேறு அறை இல்லை. கூண்டு வைத்தாள். ஒன்றுகூடச் சிக்கவில்லை.

வேறு வழியில்லாமல் எலி பிடிப்பவரை வரவழைத்தாள். அவர் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்னம்மா, கீழே தினமும் விருந்து வைக்கிறீங்களா? வயிறு ரொம்பினது கூண்டுக்குள்ள ஏன் வரும்? முதல்ல தீனியை நிறுத்துங்க."

"என் வீட்டுல ஒரு துணுக்கு கீழே போகாது. உள்ளே போய்ப் பாருங்க."

"இந்தத் தொப்பையோடயா? அப்புறம் என்னை வெளியே இழுக்க கிரேன் வரணும்."

அவர் போய்விட்டார். அண்ணனுக்கு மதியச் சாப்பாட்டைக் கட்டிலில் வைத்துவிட்டு நர்சம்மா புடவையைத் தூக்கிச் செருகினாள். பழைய துணியால் வாயைக் கட்டிக்கொண்டு, குப்புறப் படுத்து உள்ளே ஊர்ந்தாள். ஏதோ ஒன்று புறங்கை மேல் ஏறி ஓடியது. கத்தினால் அண்ணன் பயப்படுவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கட்டிலுக்கு நேர் கீழே ரொட்டித் துண்டுகள் குவிந்திருந்தன. முட்டையின் வெள்ளைக்கரு. நடுவே, எலிகளும் சீண்டாத மாத்திரைகள். நிறத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எல்லாம் சர்க்கரை மாத்திரை. தட்டு காலியாகிறது, ஆள் ஏன் இளைக்கிறார், புண் ஏன் ஆறவில்லை என்று அவள் குழம்பியதற்கெல்லாம் பதில் மண்ணில் கிடந்தது.

அப்போது மேலே அண்ணனின் கைத்தடி நெம்பும் ஓசை. கட்டிலோரத்தில் ஆணி தளர்ந்த பலகை லேசாக உயர, இன்றைய ரொட்டி அவள் மூக்குக்கு முன்னால் விழுந்தது.

"அண்ணே!"

"பாப்பா? எங்கே இருக்கே நீ?"

"உன் எலிங்களோட பந்தியில!"

தலையெல்லாம் ஒட்டடையோடு அவள் உள்ளே வந்தபோது அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தின்னா வெளிக்குப் போகணும். நீதானே வந்து அள்ளணும். உன்னைத் தூக்கி வளர்த்தவன் நான். எப்படி வாய்க்குள்ள இறங்கும்?"

"மாத்திரை என்ன பாவம் பண்ணுச்சு?"

"வெறும் வயித்துல போட்டா தலை சுத்துது."

"ஊர்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் அள்ளின கைதானே இது? உனக்கு அள்ளினா தேஞ்சா போயிடும்? காலை வெட்டிட்டா உனக்கு வேற தங்கச்சியா வந்து பார்க்கப்போறா?"

"எங்கேயாவது கொண்டுபோய் விட்டுடு என்னை."

எத்தனையோ நோயாளிகள் இப்படிப் பட்டினி கிடந்து பார்த்தவள்தான். திட்டி அதை மாற்ற முடிந்ததில்லை. பலகையில் ஆணி அடித்தாள். மர நாற்காலியை இழுத்துவந்து அவர் முன் போட்டாள். பரணிலிருந்து ரம்பத்தையும் எடுத்தாள்.

"உட்கார்ற பலகையில எவ்வளவு பெரிய ஓட்டை போடணும்? சொல்லு."

அவள் பாட்டுக்கு ரம்பத்தை வைத்து இழுத்தாள்.

"அங்க வேணாம், உடைஞ்சிடும். உள்ளே தள்ளித் துளை போட்டு அறு," என்றார்.

மறுநாள் காலையில் கூண்டில் ஒரு பெருச்சாளி இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு அதைக் கூண்டோடு வாளித் தண்ணீரில் அமுக்கிப் பிடித்தாள். கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகு அண்ணனை நாற்காலியில் உட்காரவைத்தாள். அடியில் மூடி போட்ட வாளி. திரையை இழுத்துவிட்டு, அவர் கூப்பிடும்வரை வெளியே நின்றாள். அப்புறம் ரொட்டியில் பாதி, ஒரு முட்டை, மாத்திரை. "நாக்கைத் தூக்கு," என்று வாய்க்குள் பார்த்தாள்.

விரலின் கருப்பு ஒரு நூல் அளவாவது ஏறியிருக்கும் என்று தோன்றியது. ஆட்டோவைக் கூப்பிட்டாள். டாக்டரிடம் எதையும் மறைப்பதில்லை என்று, மண்ணிலிருந்து பொறுக்கிய மாத்திரைகளைத் துணியில் முடிந்து எடுத்துக்கொண்டாள்.