சுனை எந்தப் பக்கம் ஓடும்

கோப்பையின் கடைசி வாய்க் காப்பியைத் தரையில் ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்காமல் டெல்ஃபின் ஒச்சோவா உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்ததில்லை. முப்பது வருடக் குடித்தனத்தில் சொய்லா இதைக் கல்யாண வீட்டிலும் பார்த்திருக்கிறாள், துக்க வீட்டிலும் பார்த்திருக்கிறாள். மலையில் கோவேறு கழுதை ஓட்டுகிறவனுக்குச் சரிவு தெரிய வேண்டும் என்பது அவன் சொல்லும் காரணம். "காப்பி நல்லால்லன்னு நேரா சொல்லிடுங்களேன்" என்பாள் அவள்.

அவர்கள் வீடு ஈக்வடாரின் தெற்குக் கோடியில், மலை முதுகின் மேல். பின்னால் நூறு தப்படியில் ஒரு சுனை, அதைச் சுற்றி நரஞ்சில்லாத் தோட்டம். அந்தப் புளிப்புப் பழத்தை நம்பித்தான் மகன் வில்மான் லோகா நகரத்தில் கல்லூரி சேரவிருந்தான், குடும்பத்திலேயே முதல் ஆளாக. தோட்டத்துக்கு அப்பால் எங்கோ பெரு தொடங்கியது. எங்கே என்றுதான் யாருக்கும் தெரியாது. அப்போதைக்கு மூன்று வருடம் முன்பு அதற்காகவே இரண்டு நாட்டுப் பட்டாளத்துப் பையன்களும் அந்த மலை முதுகில் சுட்டுக்கொண்டார்கள்.

பிறகு ஒப்பந்தம் வந்தது. தண்ணீர் பிரிகிற மேடுதான் எல்லை. வடக்கே ஓடினால் ஈக்வடார், தெற்கே ஓடினால் பெரு. இரு நாட்டு நில அளவைக்காரர்களும் சேர்ந்தே மலையேறினார்கள். எல்லைத்தூணுக்குப் பாதி சிமெண்டு டெல்ஃபினின் கழுதை மேல், மீதி பெருப் பக்கத்துக் கீழ்ச்சரிவுக்காரன் அபெலார்தோ நெய்ராவின் கழுதை மேல்.

"என்ன பங்காளி, உன் கழுதை பாதி ஏத்தத்துல நின்னு யோசிக்குது?" என்றான் டெல்ஃபின்.

"உன்னுது யோசிக்காம ஏறித்தானே ரெண்டு தடவ உருண்டுச்சு."

சுனையருகே எல்லோரும் நின்றார்கள். தண்ணீர் வடக்கே ஓடியது. பெருவின் இஞ்சினியர் இரண்டு முறை பார்த்தார், பிறகு தலையசைத்தார். அப்படியானால் சுனையும் தோட்டமும் ஈக்வடாருக்கு. அவித்த சோளமும் காப்பியும் கொண்டுவந்த சொய்லாவுக்கு மூச்சு வந்தது. எந்தக் கோழியை அடிக்கலாம் என்று மனசுக்குள் பார்க்கத் தொடங்கினாள்.

டெல்ஃபின் காப்பியைக் குடித்து முடித்தான். மிச்சத்தை ஊற்றினான். அது மெதுவாகத் தெற்கே நகர்ந்தது. அவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்தான்.

"ஐயா, அந்தத் தண்ணி தானா வடக்க போகல. நான்தான் கூட்டிட்டுப் போனேன்."

"என்னய்யா சொல்ற?" என்றார் இஞ்சினியர்.

"என் பையன் பொறந்த வருஷம் வெட்டின வாய்க்கா அது. வீட்டுக்குத் தண்ணி வேணும்னு திருப்பிவிட்டேன்."

இரண்டு மண்கட்டியால் வாய்க்காலை அடைத்தார்கள். ஒரு சிகரெட் தீர்வதற்குள் சுனை நிரம்பித் தெற்கே வழிந்தது. எல்லை தோட்டத்துக்கு இந்தப் பக்கம், வீட்டுக்குப் பின்னால் வந்து நின்றது; சுனையும் தோட்டமும் பெருவுக்குப் போயின. அன்றைக்குக் கோழி பிழைத்தது.

"ஊர் உலகத்துல எல்லாரும் தன் நாட்டுக்கு நிலம் சேத்தாங்க. நீங்க ஒருத்தர்தான் குடுத்துட்டு வந்திருக்கீங்க" என்றாள் சொய்லா.

"அடைமழையில அந்த வாய்க்கா கரை என்னிக்காவது உடையும் சொய்லா, தண்ணி தெக்க திரும்பிடும். அப்ப என் மம்பட்டிக்காக மறுபடியும் பசங்க துப்பாக்கியத் தூக்கிட்டு வரணுமா?"

அவன் செய்தது சரியென்று அவளுக்குத் தோன்றவில்லை. வில்மானின் கல்லூரி அல்லவா தெற்கே போய்விட்டது?

பத்து நாள் கழித்து அபெலார்தோ வந்தான். எல்லையோர நிலத்தைப் பெருவில் அயல்நாட்டான் பெயருக்கு எழுத மாட்டார்களாம்.

"என் பேர்ல இருக்கட்டும் பங்காளி. பேர் எனக்கு, களை புடுங்கற வேலை உனக்கு, பழம் பாதிப் பாதி."

"பாத்தியா, வெறும் பேரை வச்சே பொழைக்கிறான்" என்றான் டெல்ஃபின். பாதிப் பழத்தில் வில்மான் தட்டுத்தடுமாறிப் படித்து முடித்தான்.

அதிலிருந்து இருவருக்கும் கைமாற்று வேலைதான். இவன் காப்பி பறிக்க அவன் ஏறி வருவான். அவன் கரும்பு வெட்ட இவன் இறங்கிப் போவான். நாளுக்கு நாள் சரிக்குச் சரி. போன வருடம் அபெலார்தோ இரண்டு நாள் பறித்துக் கொடுத்துவிட்டுப் போன வாரத்தில் டெல்ஃபின் இறந்துபோனான்.

கரும்புக்காலம் வந்ததும், அப்பாவின் இரண்டு நாளைத் தீர்க்கச் சொல்லி சொய்லா வில்மானை அனுப்பினாள். அபெலார்தோ அவன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான்.

"இந்தக் கையாலயா தம்பி? வெட்டின கரும்பைவிட உனக்குப் போடற கட்டு அதிகமாயிடும். உங்கம்மாகிட்ட சொல்லு, பாக்கி பாக்கியாவே இருக்கட்டும்."

வில்மான் ஒரு மூட்டைப் பழத்தோடு மேலேறி வந்தான். அந்த இரண்டு நாள் பாக்கி இன்னும் நிற்கிறது.