நிற்க விடாதவர்

நிமோனியாவிலிருந்து எழுந்த பிறகு தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். ஸ்ட்ராத்ஃபீல்டில் எங்கள் தெரு ஒரே மேடு. குளிருக்குக் கைகளை மார்போடு கட்டிக்கொண்டு, மூச்சை வாய்விட்டு எண்ணி எண்ணி இழுத்தபடி ஏறுவேன். பாதியிலேயே நின்றுவிடுவேன்.

அந்தப் பாதியில்தான் பள்ளிக்கூடம். பிள்ளைகள் சாலையைக் கடக்க உதவும் பெண்மணிக்கு என் மகள் வயது இருக்கும். பிள்ளைகள் வராத நேரத்திலும், ‘ஸ்டாப்’ பலகையோடு நின்ற இடத்திலேயே கால் மாற்றி நடந்துகொண்டிருப்பார்.

ஒருநாள் ஈழத்தமிழில் கேட்டார்: “ஏன் அங்கிள் கையைக் கட்டிக்கொண்டு நடக்கிறியள்?”

“குளிருதும்மா.”

“வீசி நடவுங்கோ. மூச்சை எண்ணாதேங்கோ, அது காலோடையே வரும்.”

என் மூச்சைப் பற்றி இவருக்கென்ன என்று எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் வீசினேன். மூன்றாவது வாரம், இரண்டடிக்கு உள்ளே, இரண்டடிக்கு வெளியே என்று மூச்சு தானாகவே காலோடு சேர்ந்துகொண்டது.

அதே வாரம் ஒருநாள், பள்ளி மணி அடித்துவிட்டது, பிள்ளைகள் யாருமில்லை. சாலையைக் கடக்கும் இடத்தில் கார்கள் வருவதைப் பார்த்து ஓரத்தில் நிற்கப் போனேன். அவர் சாலை நடுவே போய்ப் பலகையை உயர்த்தினார்.

“நிக்காதேங்கோ அங்கிள், அப்பிடியே வாங்கோ!”

எனக்காக மட்டும் மூன்று கார்கள் நின்றன. வீசிய கையோடு கடந்து உச்சிவரை ஏறிவிட்டேன். நின்று நன்றி சொல்லலாமென்றால், அவர் எங்கே நிற்க விட்டார்?