ஏழாவது அடுப்பின் கையெழுத்து

முகாமுக்கு வருகிறவர்கள் அவரை ‘வாளி’ என்றுதான் கூப்பிடுவார்கள். காட்டுக்குள் கூடாரம் போட்டுச் சமைத்துச் சாப்பிட்டுக் கிளம்புகிறவர்களின் முன்னால் தண்ணீர் வாளியோடு போய் நிற்கும் காவலரை வேறு எப்படிக் கூப்பிடுவதாம்? ஊற்றுவார், கம்பால் கிளறுவார், மறுபடி ஊற்றுவார். கடைசியில் சாம்பலில் புறங்கையை வைத்துப் பார்ப்பார். சுள்ளென்றால் இன்னொரு வாளி.

“அணைஞ்சிருச்சு சார், விடுங்க.”

“உங்களுக்கு அணைஞ்சிருச்சு. எனக்கு இன்னும் அணையலை.”

மேலதிகாரியிடம் நடையாய் நடந்து மைத்துனனையும் இதே வேலையில் சேர்த்துவிட்டார். தொழிலோடு ஒரு கெட்ட பழக்கத்தையும் சொல்லிக்கொடுத்தார், பாவி மனுஷன். பதிவேடு மலையடிவார அலுவலகத்தில் இருந்தது. சாயங்காலம் யார் மறுபடி இறங்குவது என்று, ‘அணைத்துச் சரிபார்த்தேன்’ என்ற இடத்தில் காலையிலேயே இருவரில் ஒருவர் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

ஒருநாள் காலையில் அப்படிப் போட்டது அவர். மத்தியானம் பல்வலி தாங்காமல் வைத்தியரிடம் கிளம்பினார்.

“ஏழாவது அடுப்பு மட்டும்தான் பாக்கி. கிளறிட்டுக் கை வெச்சுப் பாரு.”

“போங்க மச்சான், நான் என்ன நேத்து வந்தவனா?”

நேற்று வந்தவன்கூட அப்படிச் செய்திருக்க மாட்டான். வாளி தூக்கச் சோம்பல்பட்டு மண்ணை அள்ளிப் போட்டு மூடினான். மேலே எல்லாம் அடங்கின மாதிரிதான் இருந்தது. உள்ளே கங்கு வேரைப் பிடித்துக்கொண்டு, மறுநாள் காற்றில் அரை மலையைத் தின்றது. ஆட்கள் தப்பியது யார் செய்த புண்ணியமோ. தீயை அடித்துக்கொண்டிருந்தபோதே மைத்துனன் அழுதுகொண்டு அவரிடம் ஒப்புக்கொண்டான். விசாரணையிலும் உண்மையைச் சொல்லிவிடுவதாகச் சத்தியம் செய்தான்.

விசாரணையில் தரையைப் பார்த்தபடி, “மச்சான்தான் பாத்தாரு சார். கையெழுத்து இருக்கே” என்றான்.

“பொய் சார்!” என்று அவர் கத்தினார். அதிகாரி பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தார். அன்றைக்கே வேலை போயிற்று. காட்டை எரித்தவர் என்ற பேர் வந்தது.

வயிறெரிந்து வீட்டுக்கு வந்தார். புலம்ப அவருக்கு இருந்தது மனைவி ஒருத்திதான்.

“உன் தம்பி என் கழுத்தை அறுத்துட்டான்.”

காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

“அவனுக்குச் சின்னப் பிள்ளைங்க. உங்களுக்கு இன்னும் ஒரு வருஷம்தானே வேலை. நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்.”

தம்பி செய்தது இதன் முன்னால் ஒன்றுமே இல்லை.

“என்னைக் கேட்டிருந்தா நானே பழியை ஏத்துக்கிட்டிருப்பேனே.”

“ஒத்துக்க மாட்டீங்கன்னு நினைச்சேன்.”

“இருபத்தாறு வருஷம் கூட இருந்து, என்னை இவ்வளவுதான் தெரியுமா உனக்கு?”