நாள் குறித்த கைப்பேசிகள்

என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனவருக்குச் சொந்தமாக ஒரு வரி எழுதத் தெரியாது. அதுதான் எனக்குப் பிரச்சினை. மற்றபடி ஜெலாப்பாங்கில் நல்ல வேலை, சிகரெட் கிடையாது, தலையில் முடியும் இருந்தது. ஆனால் அவர் எனக்கு அனுப்பியதெல்லாம் ஏஐ எழுதிக் கொடுத்தது. காய்ச்சல் என்று ஒருநாள் சொன்னேன். "தங்கள் உடல்நலக் குறைவு அறிந்து வருந்துகிறேன்" என்று தொடங்கி, காய்ச்சல்காரர்கள் செய்ய வேண்டியதை வரிசை எண் போட்டு அனுப்பினார். இந்த மனிதரோடு காலம் தள்ள முடியாது என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். வீட்டில் சொல்லத்தான் வாய் வரவில்லை. அதற்குள் அப்பா மண்டபம் தேட ஆரம்பித்திருந்தார்.

கல்யாணத்துக்கு நாள் குறிக்கச் சித்தியவானிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் இரண்டு கார் நிறைய வந்து இறங்கினார்கள். குனோங் ராபாட்டில் எங்கள் வீட்டுக் கூடம் பத்துப் பேருக்கே பிதுங்கும். பழத்தட்டுகளை ஐஸ்பெட்டி மேல் ஏற்றினோம். கோயில் ஐயர் போனை எடுக்கவில்லை.

"ஐயர் எதுக்கு, இதுகிட்டயே கேப்போம்லா," என்று அப்பா தன் கைப்பேசியை மேசையில் வைத்தார். "ஆவணியில நல்ல நாள் ஒன்னு சொல்லு."

மாப்பிள்ளையின் அப்பா விட்டுக்கொடுப்பாரா? அவரும் தன்னுடையதைத் தட்டிவிட்டு எதிரில் வைத்தார்.

எங்கள் கைப்பேசி ஒரு நாளைச் சொன்னது. தன்னிடம்தான் பேசுகிறார்கள் என்று அவர்கள் கைப்பேசி நினைத்துக்கொண்டது போலும்.

"மிக அருமையான தேர்வு! மணமகன் வீட்டாருக்கு முழுச் சம்மதம்," என்றது.

"தங்கள் பெருந்தன்மைக்கு நன்றி. விருந்தினர் ஆயிரம் பேர் என வைத்துக்கொள்ளலாமா?" என்றது எங்களுடையது.

"அற்புதமான யோசனை!"

அப்பாவுக்கு வியர்த்துவிட்டது. ஆனாலும் யாரும் நிறுத்தவில்லை. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்று வளர்ந்தவர்கள், கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தை ஆளுக்கொரு தேத்தண்ணியைக் கைப்பேசிகளின் முன்னால் நகர்த்தி வைத்தார். இனி வரும் இணையத்தில் மனிதன் வாயைத் திறக்கவே வேண்டியிருக்காது என்று தம்பி அடிக்கடி சொல்வான். அந்தக் காலம் எங்கள் கூடத்துக்குக் கொஞ்சம் முந்தியே வந்துவிட்டது.

அப்போதுதான் அவர்கள் கைப்பேசி கேட்டது: "மணமகளின் விருப்பம் என்ன?"

"மணமகள் மிகுந்த மகிழ்ச்சியில் இருக்கிறார்," என்றது எங்களுடையது, கொஞ்சமும் கூசாமல்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! அடுப்படியிலிருந்து விறுவிறுவென்று வந்து மேசையருகே குனிந்தேன். "எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்."

"சிறப்பான கருத்து!" என்றன இரண்டும்.

அம்மாதான் முதலில் வாய் திறந்தார்.

"ஏன்டி, இத முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

"யாரும்மா கேட்டீங்க?"

சோபா ஓரத்தில் குனிந்தே உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை மெல்ல நிமிர்ந்தார்.

"என்னையும் யாரும் கேக்கலலா," என்றார். "எனக்கும் வேணாம்."

அவருடைய அம்மா தலையில் அடித்துக்கொண்டார். அவர் சொந்த வாயால் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பாழாய்ப்போன மனசு, அந்த நிமிடம்தான் எனக்கு அவரைப் பிடித்துப்போனது.