சர்ச் வாசலில் கழற்றிய செருப்பு

லீவுக்கு எங்கே போகலாம் என்று எங்கள் அமெரிக்க ஊரான ஃப்ரீமான்ட்டில் யாரைக் கேட்டாலும் டிஸ்னிலேண்ட் என்பார்கள். என் மனைவி கல்யாணி இத்தாலி என்றாள். ரோம்தானே என்று போன மாதம் கிளம்பினேன். மறுநாளே என்னையும் மகளையும் பஸ்ஸில் ஏற்றி, மலை மேல் ஒரு குட்டி ஊருக்கு இழுத்துப் போய்விட்டாள். தெருவுக்குத் தெரு சர்ச். எல்லாம் பல நூறு வருஷப் பழசு.

ஏன் இந்த ஊர்? பாளையங்கோட்டை கான்வென்ட்டில் படித்தபோது கணக்கு டீச்சர் சிஸ்டர் அவளுக்கு ஒரு மாதா படம் கொடுத்தாராம். அதன் அசல் இங்கே ஒரு சர்ச் சுவரில் இருக்கிறதாம். பார்க்காமல் சாகக் கூடாதாம்!

மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தோம். பன்னிரண்டு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். மறுபடி திறப்பதற்குள் எங்கள் பஸ் போய்விடும். இன்னும் கால் மணி நேரம்தான்.

கல்யாணி என்ன செய்தாள்? படியில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தாள். வாசல் காக்கிற பெரியவர் மறித்தார். அவள் காலைக் காட்டினார், செருப்பைக் காட்டினார், இத்தாலிய மொழியில் பொரிந்து தள்ளினார். வெறுங்காலுடன் வரக் கூடாதாம்.

"செருப்போட சாமி முன்னாடி நிக்கணுமா? மாட்டேன்."

"அம்மா, ஜஸ்ட் வேர் யுவர் ஷூஸ்!" — மகள் ப்ரியா.

"நீ சும்மா இருடி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யோவ், பக்தியில வர்றாய்யா! விடுய்யா!" என்று தமிழிலேயே கத்தினேன். அவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

சாமிக்கு மரியாதை என்றால் ஒருத்தருக்குக் கழற்றுவது, இன்னொருத்தருக்கு மாட்டுவது. ரெண்டு பேரும் பிடிவாதம். நடுவில் அகப்படுவது என்னைப் போன்ற ஆசாமி...

படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினேன். சாக்ஸை உருவி நீட்டினேன்.

"இந்தா. இது செருப்பும் இல்ல, வெறுங்காலும் இல்ல."

"உவ்வே... தொவச்சதா?"

"இப்ப அதுவா முக்கியம்? போடு!"

பெரியவர் குனிந்து பார்த்தார். யோசித்தார். சிரித்துவிட்டு வழிவிட்டார்! நானும் ஷூவை மாட்டிக்கொண்டு பின்னால் போனால் — "நீங்க வெளியவே நில்லுங்க" என்று முறைத்தாள்.

மணி அடித்து ஓய்ந்த பிறகும் பெரியவர் கதவைச் சாத்தவில்லை. கல்யாணி வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது.

"பாத்தியா?"

"ம்... மாதா முகம் பாதி உதிர்ந்துபோச்சு. ஆனா, அதேதாங்க."

பஸ் ஸ்டாப் வரை மலைச்சரிவில் நடை. சாக்ஸைத் திருப்பிக் கேட்டேன். தரவில்லை. மாதா முன்னால் நின்ற சாக்ஸாம்!

புண்ணியம் அவளுக்கு. கொப்புளம் எனக்கு.