சுனில்டாவின் ஸ்கிரிப்டில் என் இரண்டு வரிகள்

கல்லூரி இயக்குநர்கூட பெயருக்கு முன் ‘ஞா’ சேர்த்து, ஞா சுனில்டா என்று மரியாதையோடுதான் கூப்பிடுவார். என்கார்னாசியோன் நகரத்து ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் கணினி அறையில் நாங்கள் இரண்டே பேர். அவர் நாற்பது வயதுவரை பள்ளிச் சீருடை தைத்தவர், பிறகுதான் கணினி படித்தார். எதையும் நேரடியாக அழிக்க மாட்டார். அழிக்கும் கட்டளையை பவர்ஷெல் என்ற கணினி மொழியில் நெளி அடைப்புக்குள் எழுதி, பெயர் ஒட்டிய டப்பா மாதிரியான ஒரு மாறியில் போட்டு வைப்பார். அடைப்புக்குள் இருக்கும்வரை அது ஓடாது. மூன்று முறை படித்துப் பார்த்தபின், ஸ்கிரிப்டின் கடைசி வரியில் அதைக் கூப்பிடுவார். “வெட்டுறதுக்கு முன்னாடி அளக்கணும்பா” என்பார்.

பழைய வரைவுகளை வெள்ளிக்கிழமைதோறும் மதியம் துடைக்கும் ஸ்கிரிப்ட் அவருடையது. கட்டளைக்குள் கோப்புறையின் பெயர் இல்லை, பெயரை வைத்திருக்கும் இன்னொரு மாறிதான் இருந்தது. பயிற்சி மாணவர்கள் பள்ளிகளில் நடத்திய பாடங்களின் வீடியோக்கள் எவ்வளவு இடம் பிடிக்கின்றன என்று பார்க்க நான் நடுவில் இரண்டு வரி சேர்த்தேன். புதுப் பெயர் யோசிக்கச் சோம்பல்பட்டு அதே மாறியில் வீடியோ கோப்புறையைப் போட்டேன். காத்திருக்கும் கட்டளை, எழுதியபோது மாறியில் இருந்ததைப் பார்ப்பதில்லை. ஓடும்போது இருப்பதைத்தான் எடுத்துக்கொள்ளும். எனக்கு இது தெரியும். ஊர் சியெஸ்டா என்னும் மதியத் தூக்கத்தில் இருந்தபோது, நகல்கூட எடுக்காத முப்பத்தொரு வீடியோக்கள் போயின.

திங்களன்று இயக்குநர் மாணவர்களைக் கூட்டினார். “யாரோட ஸ்கிரிப்ட்?”

“என்னோடது” என்றார் ஞா சுனில்டா.

“மெஷினும் சியெஸ்டா போட்டிருச்சு போல!” என்றான் பின்வரிசையில் ஒருவன். சிரித்தார்கள்.

வீடியோ போன மாணவிகளில் ஒருத்தி, லிஸ் ரோத்தேலா, எழுந்தாள். “சிரிக்காதீங்கடா. போன தடவையே தின்ன எம்பனாடா வாங்கிக் கொடுத்துதான் அந்த எட்டாங்கிளாஸ் பசங்கள உக்கார வெச்சேன். மறுபடி எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு கூப்பிடுவேன், மேடம்?”

“மன்னிச்சிரும்மா” என்றார் ஞா சுனில்டா. இரண்டு கைகளையும் பாவாடையோடு சேர்த்துப் பிடித்திருந்தார். நான் சுவரில் சாய்ந்து, பார்க்கத் தகுந்த எதையோ தரையில் தேடிக்கொண்டிருந்தேன்.

நான்கு நாள் கழித்துத்தான் வாய் வந்தது. அவர் தெரெரே என்னும் இலைப் பானத்துக்குக் குவளையில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“அந்த ரெண்டு வரி… நான்தான் போட்டேன்.”

“தெரியும் டெர்லிஸ். அன்னிக்கே பாத்தேன். கடைசியா சேமிச்சவன் பேர கோப்பே சொல்லுதே.”

“அப்புறம் ஏன் உங்க மேல போட்டுக்கிட்டீங்க?”

“ஓட விட்டது நான்தானே? அந்த வாரம் படிக்காம விட்டேன்.” குவளையை நீட்டினார். “உன் பங்க நீயே சொல்வேன்னு பாத்தேன். நாலு நாளாச்சு.”

கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் இயக்குநரிடம் சொன்னேன். பிறகு லிஸ்ஸிடம். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “அவங்க தலைகுனிஞ்சு நின்னப்போ நீயும் அங்கதானே இருந்தே?”

“ஆமா.”

“சரி, கேமராவப் பிடி. எம்பனாடாவும் உன் செலவு.”

கணக்கில் பின்னங்கள் பாடத்தை அதே எட்டாங்கிளாஸ் பிள்ளைகளுக்கு அவள் மறுபடி நடத்தினாள். பிள்ளைகளுக்கு விடைகள் முன்பே தெரிந்திருந்தன. கேள்வி முடியுமுன் கை தூக்கினார்கள், அவள் சொல்லிக்கொடுக்க எதுவும் மிஞ்சவில்லை. அவள் முகம் வாடுவதை, கேமராவைத் திருப்பாமல், நாற்பது நிமிடம் படம் பிடித்தேன்.