மழை வேண்டாதவள்

"மேகம் எங்கிட்டு நிக்கிது?" என்று கேட்ட பிறகுதான், சாப்பிட்டாயா என்றே சண்முகவள்ளி தன் தங்கையிடம் கேட்பாள். மாசி பிறந்ததிலிருந்து பொழுது உச்சி திரும்பியதும் இந்த ஃபோன் போய்விடும். மலைமேல் பண்ணைக்காட்டில் காப்பித் தோட்டத்துக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவள் தங்கை தேவசேனா. அவள் கைவேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து, வானத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். "பஞ்சு மாரித்தான் இருக்குக்கா. கருப்பு இல்ல." அதைக் கேட்டால்தான் வள்ளிக்கு மத்தியானச் சோறு இறங்கும். கறுப்பு என்று பதில் வந்துவிட்டால் தட்டை மூடிவைத்துவிட்டுப் பந்தலுக்குள் போய்விடுவாள். போய்ச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. குலைகளைப் பார்த்துக்கொண்டு நிற்பாள், அவ்வளவுதான்.

கன்னிவாடிக்கு மேற்கே, மலை இறங்கி முடிகிற இடத்தில் இருக்கிறது அவர்களுடைய பன்னீர்த் திராட்சைத் தோட்டம். கார்த்திகைக் கடைசியில் கவாத்து வெட்டி மொட்டையாக நின்ற கொடி, தையில் பூத்து, மாசியில் நிறம் ஏறி, பங்குனியில் வெட்டுக்கு வரும். பூத்திருக்கும்போது பனி இறங்கினால் செவட்டை நோய் விழுந்து இலையெல்லாம் துருப்பிடித்த மாதிரி ஆகும். காய் பழுக்கும்போது மழை இறங்கினால் பழம் வெடிக்கும். வெடித்த ஒரு பழத்தின் சாறு பக்கத்துப் பழத்தில் வழிந்தால் குலையே புளித்துப்போகும். இந்த இரண்டு பயத்துக்கும் நடுவில்தான் வள்ளிக்குத் தை முதல் பங்குனிவரை கழிகிறது. காலையில் வெயில் ஏறுமுன்பே பந்தலுக்குள் நுழைந்துவிடுவாள். குலையை மூடி நிற்கும் இலையைக் கிள்ளிக் காற்றுக்கு வழிவிடுவாள். தொங்கும் கொடியை வாழைநாரால் கம்பியில் சேர்த்துக் கட்டுவாள். குலையின் நுனியில் இருக்கும் பழம்தான் கடைசியில் இனிக்கும் என்பதால், வரிசைக்கு ஒரு நுனிப் பழத்தைக் கடித்துப் பார்த்துத் துப்புவாள். "இன்னும் நாக்கு கூசுது" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போவாள்.

பந்தல் அவள் உச்சந்தலையைத் தொடும் உயரம்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதற்கடியில் குனிந்து நடந்து நடந்து, பந்தல் இல்லாத இடத்திலும் அவள் தலை லேசாகத் தாழ்ந்தே இருக்கும். திண்டுக்கல்லில் பெரிய கல்யாண மண்டபத்துக்குள் நுழையும்போதுகூடக் கழுத்தைச் சுருக்கிக்கொள்வாள். "அக்கா, இங்க கொடி இல்ல. நிமிர்ந்து வா" என்று தேவசேனா இடித்துச் சிரிப்பாள்.

பங்குனியில் அந்த வீட்டில் யாரும் மழை என்ற சொல்லைச் சொல்லக் கூடாது. "அது" என்றுதான் சொல்ல வேண்டும். "அது வருமா?" "அது மேல இறங்கிருச்சாம்." ஊரில் மற்றவர்கள் எல்லாரும் மழைக்கு ஏங்கிக்கிடக்கும் மாதம் அது. அந்த வருஷம் மாரியம்மன் கோயிலில் மழைக்கஞ்சி எடுத்தார்கள். வீடு வீடாக வந்த பெண்களிடம் வள்ளியும் ஒரு படி அரிசி கொட்டினாள். அவர்கள் வீட்டுக் கிணற்றிலும் பாறை தெரிந்துகொண்டிருந்தது. மழை பெய்யாவிட்டால் அடுத்த கவாத்துக்குத் தண்ணீர் இல்லை, பெய்தால் இந்தப் பழம் இல்லை. சந்நிதியில் கை கூப்பி, "பெய்யி தாயி. வெட்டு முடிஞ்சு பெய்யி" என்று வேண்டிக்கொண்டாள். மெதுவாகத்தான் வேண்டினாள். பக்கத்தில் நின்றவளின் காதில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து தெருவில் அவளுக்கு "மழை வேண்டாதவ" என்று பெயர். பெயரை நினைத்து வள்ளி கோபப்படவில்லை. ஊர் ஏங்கும் ஒன்றை ஒருத்தி மட்டும் வேண்டாம் என்றால் சாமிக்குப் பொறுக்குமா என்றுதான் பயந்தாள்.

மேகத்தைவிடப் பெரிய பயம் ஒன்று பூமியில் நின்றது. வள்ளியின் மாமனார் காலத்தில் போட்ட பந்தல் அது. ஒரே பந்தல். பாகம் பிரித்தபோது நிலத்தை இரண்டாக்கினார்கள். பந்தலை இரண்டாக்க முடியுமா? கம்பிகள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்துக் கட்டியவை. வள்ளியின் கணவர் பொன்னுவேலுக்கு வந்த பாதியில் கொடி இருக்கிறது. அவருடைய அண்ணன் வேலுச்சாமி, போன வருஷம் செவட்டையில் எல்லாம் போனதும், தன் கொடிகளை வேரோடு வெட்டிவிட்டார். வெறும் கல்தூணும் கம்பியும் மட்டும் அவர் பக்கம் நின்றன. அந்தத் தூண்களைப் பிடுங்கிவிட்டு முருங்கை வைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். "இந்த வெட்டு முடியட்டும்ணே" என்று பொன்னுவேல் போய்க் கேட்டதில் வார்த்தை தடித்தது. "உன் பழத்துக்கு என் நெலம் காவல் காக்கணுமாக்கும்" என்றார் அண்ணன். அதோடு பேச்சு நின்றது. தூணைப் பிடுங்கவும் இல்லை, பராமரிக்கவும் இல்லை. அவர் பக்கத்து மூலைத்தூணை வெளியே இழுத்துப் பிடித்திருந்த கம்பி துருவேறி இற்றுக்கொண்டே வந்தது. தூண் ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் உள்ளே சாய்ந்தது. அது விழுந்தால் கம்பி தளரும், கம்பி தளர்ந்தால் பழத்தோடு பந்தல் தரைக்கு வரும்.

வேலுச்சாமி இந்த வீட்டாரிடம் நேரடியாகப் பேசுவதில்லை. சொல்ல வேண்டியதைத் தன் நாயிடம் சொல்வார். "ஏலே கருப்பா, தூணு சாயுதுன்னு சில பேருக்குத் தூக்கம் வரலயாம்ல. சாஞ்சா சாயட்டும்லே." வரப்புக்கு இந்தப் பக்கம் வள்ளி புல் அறுத்துக்கொண்டே கேட்டுக்கொள்வாள். பதில் சொல்ல அவளிடம் நாய் இல்லை.

பங்குனி உத்திரத்துக்குப் பழனிக்கு நடைப்பயணம் போகிறவர்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பினார்கள். பொன்னுவேலும் வருஷா வருஷம் காவடி எடுப்பவர். "நான் போயிட்டு வந்தாத்தேன் பழத்துக்கு நல்லது" என்று மஞ்சள் வேட்டியைக் கட்டிக்கொண்டு அவரும் போனார். பழம் வெட்டும் ஆட்கள் போனார்கள். வியாபாரியும் ஃபோனில், "உத்திரம் முடிஞ்சு ஆளுக வந்தப்பறம் வண்டி அனுப்புறேன்மா. பழம் எங்க ஓடிப்போகுது?" என்றான். பழம் ஓடாது. உத்திரத்தன்று காலை கடித்த நுனிப் பழம் முதல்முறையாக இனித்தது. வெட்டுக்கு வந்துவிட்ட பழம், வெட்ட ஆளில்லாத தோட்டம்.

அன்று மத்தியானம் அவள் கூப்பிடுவதற்குள் தேவசேனாவே கூப்பிட்டாள்.

"அக்கா..."

குரலே சரியில்லை. தப்புச் செய்தவள் மாதிரி தணிந்து வந்தது.

"என்னடி? கருப்பா?"

"பெய்யுதுக்கா. காலையிலருந்தே மூடிக் கெடந்துச்சு. உன்ட்ட சொல்ல மனசு வரல. இப்பக் கொட்டுது."

காப்பி பூக்கப் பங்குனியில் ஒரு மழை வேண்டும். அது பெய்யாவிட்டால் மொட்டு செடியிலேயே கருகிப்போகும். மேலே இருப்பவர்கள் அந்த ஒரு மழைக்காக எத்தனை நாளாகக் காத்திருந்தார்கள் என்பது வள்ளிக்குத் தெரியும். தங்கையின் குரலுக்குப் பின்னால் தகரக் கூரையில் மழை அடித்தது. யாரோ சிரித்தார்கள். "அவுக நனைஞ்சுக்கிட்டு நிக்கிறாக" என்று சொல்லிவிட்டுத் தேவசேனா சட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.

"நல்லாப் பெய்யட்டும்டி" என்றாள் வள்ளி. "காத்து எங்கிட்டு அடிக்கிது?"

"கீழ பாத்துத்தேன்க்கா."

வெளியே வந்து பார்த்தாள். மலையைக் காணோம். மலை இருந்த இடத்தில் கொடிக்கு அடிக்கும் மயில்துத்த மருந்தின் நீலத்தில் ஒரு சுவர் நின்றது. காற்று அசையவில்லை. காக்கைகள் கத்தாமல் பறந்து போயின. வள்ளி கொட்டகையிலிருந்த கவைக்கம்புகளையும் கிணற்றுக் கயிற்றையும் அள்ளிக்கொண்டு மூலைத்தூணை நோக்கி ஓடினாள். வரப்பைத் தாண்டும்போது ஒரு நொடி கால் தயங்கியது. பாகம் பிரித்தபிறகு அவள் அந்த மண்ணில் கால் வைத்ததில்லை.

கயிற்றைத் தூணின் தலையில் சுற்றிக்கொண்டிருக்கும்போதே முதல் காற்று வந்து மோதியது. பந்தல் முழுவதும் ஒருமுறை எழும்பி இறங்கியது. கம்பிகள் வரிசையாக முனகின. இற்றுக்கிடந்த இழுவைக்கம்பி பட்டென்று அறுந்து அவள் காலடியில் சுருண்டது. தூண் உள்நோக்கி நகர்ந்தது. வள்ளி கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு, குதிகாலை மண்ணில் ஊன்றி, பின்னுக்குச் சாய்ந்தாள். அவள் எடைக்குக் கல் நிற்குமா? இழுத்துக்கொண்டே போனது.

"ஆளுக யாராச்சும் இருக்கீகளா?" என்று கத்தினாள். காற்றில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

வேலுச்சாமி கடப்பாரையோடு வந்துகொண்டிருந்தார். தூணைத் தோண்டிச் சாய்த்துவிடத்தான் வருகிறார் என்று வள்ளி நினைத்தாள்.

"மாமா, வேணாம் மாமா! இன்னைக்கு மட்டும் விட்டுருங்க!"

அவர் அவளைப் பார்க்கவே இல்லை. அவளைத் தாண்டிப் போய், அவளுக்குப் பின்னால் கடப்பாரையைத் தரையில் சாய்வாக இறக்கி, பாறாங்கல்லால் அடித்தார். பிறகு அவள் இடுப்பிலிருந்த கயிற்றைப் பிடித்து, "அவுத்து விடு, ஒடம்பு ரெண்டாப் போயிரும்" என்றார். கயிற்றைக் கடப்பாரையில் நாலு சுற்றுச் சுற்றினார். சுற்று நழுவாமல் இருவரும் அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்கள். மழை வந்தது. எண்ணெய் காய்ந்த சட்டியில் கடுகு போட்டதுபோல் இலைகள்மேல் பொரிந்தது. வள்ளி ஒவ்வொரு சத்தத்தையும் உற்றுக் கேட்டாள். ஆலங்கட்டியா? ஆலங்கட்டியா? இல்லை, தண்ணீர்தான்.

"நான் கும்பிட்டது தப்பாப் போச்சோ மாமா" என்றாள். ஏன் அதைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"கயித்தப் பிடி" என்றார் அவர்.

கொட்டிவிட்டு மழை வடக்கே நகர்ந்தது. தூண் சாய்ந்துதான் நின்றது, ஆனால் நின்றது. மலையடிவாரத்து வரிசைகளில் மட்டும் கம்பி தொய்ந்து குலைகள் சேற்றைத் தொட்டன. மற்ற இடத்தில் பழம் கொடியிலேயே இருந்தது. ஆனால் ஒவ்வொரு பழத்திலும் நீர் நின்றது. நின்றால் வெடிக்கும். வள்ளி ஒரு கம்பை எடுத்துக்கொண்டு பந்தலுக்குள் ஓடி, கம்பியைத் தட்டினாள். மேலே தேங்கியிருந்த தண்ணீர் மொத்தமும் அவள் தலையில் இறங்கியது. அடுத்த கம்பி. அடுத்தது. சற்றுத் தள்ளி இன்னொரு தட்டும் சத்தம் கேட்டது. வேலுச்சாமி அந்தக் கோடியிலிருந்து தட்டிக்கொண்டு வந்தார். நடுவில் சந்தித்தபோது, "காலையில வெள்ளனே வெட்டிரணும். வெயிலு ஏறுனா வெடிச்சிரும்" என்றார்.

"ஆளில்ல மாமா."

"அதுக்காகச் சும்மா இருக்க முடியுமா?" என்றவர், போகும்போது திரும்பி, "இந்த வெட்டோட சரி. கல்லப் பிடுங்கத்தேன் போறேன்" என்றார். அதில் மாற்றம் ஒன்றும் இல்லை.

மறுநாள் விடிந்ததும் இருவரும் ஆளுக்கொரு வரிசையில் வெட்டினார்கள். வெடித்த பழத்தை வள்ளி குலையிலிருந்து ஒவ்வொன்றாகக் கத்தரித்துப் போட்டாள். தேனீக்கள் வந்து அவள் கால்விரலுக்கிடையில் மொய்த்தன. தொய்ந்த வரிசைகளின் பழம் வியாபாரிக்கு ஆகாது. அதை ஒரு பக்கம் ஒதுக்கினாள். மீதியில் பெரும்பகுதி தப்பிவிடும் என்று கணக்குப் போட்டது மனம். உடனே அப்படி நினைத்ததற்காகப் பயந்து, கையை இன்னும் வேகமாக ஓட்டினாள். வியாபாரி வேறு வழியில்லாமல் வண்டி அனுப்ப ஒப்புக்கொண்டிருந்தான். சாயங்காலம் வரும். அதற்குள் முடியுமா?

உச்சிப்பொழுதில் பொன்னுவேல் வந்து சேர்ந்தார். மழைச் சேதி கேட்டு, பழனியிலிருந்து கிடைத்த பஸ்ஸில் தொற்றி வந்திருக்கிறார். நெற்றியில் திருநீறு, உள்ளங்காலில் கொப்புளம், கையில் பஞ்சாமிர்த டப்பா. பந்தல் வாயிலில் நின்று, "என்னாச்சு வள்ளி? எல்லாம் போச்சா?" என்றவர், உள்ளே குனிந்து வெட்டிக்கொண்டிருந்த அண்ணனைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். வேலுச்சாமியும் பார்த்தார். எவ்வளவு நேரம் அப்படியே நின்றிருப்பார்களோ தெரியாது.

மலை உச்சியில் மறுபடியும் கறுத்துக்கொண்டு வந்தது. வள்ளி அதைப் பார்த்தாள். கணவரின் கையிலிருந்த டப்பாவை வாங்கித் தரையில் வைத்தாள். தன் கத்தரியை அவர் விரல்களுக்குள் திணித்தாள். பிறகு அவர் முதுகில் ஈரக்கையை வைத்து, அண்ணன் நின்ற வரிசையைப் பார்த்து ஒரு தள்ளுத் தள்ளினாள்.